கங்கைகொண்டானில் அவள் செங்கல்லும் என் செங்கல்லும்

ஜெபராணி மீது எனக்குப் பொறாமை. போன ஐப்பசியில் நெல்லைக்குப் போனதே அதனால்தான். சேலத்தில் ஒரே வகுப்பில் படித்தோம். நான் முதல், அவள் இரண்டாவது. இன்று அவள் கங்கைகொண்டானில் ஓர் எஃகு வார்ப்பாலையின் தலைமைப் பொறியாளர். நான் உலைச் செங்கல் மாதிரிகளைத் தூக்கிக்கொண்டு ஆலை ஆலையாக ஏறி இறங்குபவள்.

உருகிய எஃகுக்குள் வாயு ஊதிச் சுத்தம் செய்யும் கலம்தான் கன்வெர்ட்டர். அங்கே அதன் உட்புறச் செங்கலை மாற்ற வேண்டியிருந்தது. எங்கள் நிறுவனத்துடையது டோலமைட், விலை குறைவு. ஜெபா கேட்டது மக்னீசியா-குரோம், நாங்கள் செய்யாதது. ஆலை முதலாளி அண்ணாச்சி என்னையும் நேரில் வரச்சொன்னார். அவள் தேர்வைத் தப்பென்று நிரூபிக்கும் ஆசையோடு ரயிலேறினேன்.

காலை ஆறரைக்கு நெல்லை. கோவில்பட்டி பேருந்தில் அரை மணி நேரம். ஊருக்குச் சாலை பிரியும் விலக்கில் இறங்கினால் ஆட்டோவுக்கு நூறு ரூபாய். பேரம் பேசினேன். "இந்த மழைக்கு நூறே கம்மிக்கா," என்றார் ஓட்டுநர்.

வாசலில் ஜெபா. "ஏட்டி, என்ன இப்படி மெலிஞ்சிட்டே? சாப்பிட்டியா?" அவள் நடந்தால் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

கலம் குளிர்ந்து கிடந்தது. வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுமாம். ஓரமாக, நாங்கள் முன்பு அனுப்பிய மாதிரிச் செங்கல், உறை பிரித்த நிலையில். தொட்டேன், திருநீறாக உதிர்ந்தது. டோலமைட்டில் உள்ள சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சும். இடைவிடாது சூடாக இருக்கும் கலத்துக்கு அது அருமையான செங்கல். இப்படி ஆறிக் கிடக்கும் கலத்துக்கு, இந்த மழையில், ஆகாது.

விடவில்லை நான். "பழைய குரோம் செங்கல் ஆபத்தான கழிவாச்சே, எங்கே கொட்டுவே?"

"அதை எடுத்துட்டுப் போக உரிமம் உள்ள ஆளை அப்பமே பேசியாச்சு," என்றாள், சிரித்தபடி.

கூடவே நின்ற அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. எதைப் போடலாம்?"

டோலமைட் என்று ஒரு வார்த்தை சொன்னால் ஆர்டர் எனக்கு. நாக்கு நுனி வரை வந்தது. "ஜெபா சொல்றதுதான் சரி," என்றேன்.

மாலையில் தன் காரில் சேரன்மகாதேவிக்கு அழைத்துப் போனாள். ஆறு செம்மண் நிறத்தில் ஓடியது. படித்துறையில் உட்கார்ந்து சொன்னாள்: "உன்னை வரச்சொல்லி அண்ணாச்சிகிட்டச் சொன்னதே நான்தான். ஆர்டர் போனாலும் அவ பொய் சொல்ல மாட்டான்னேன்."

என் நேர்மையைக்கூட எனக்கு முன்பே அவள் கணக்குப் போட்டிருக்கிறாள். பொறாமை கூடியதே தவிரக் குறையவில்லை.

போகிறவர்களுக்கு: ஐப்பசியில் குடை அவசியம். வெள்ளம் வந்தால் படித்துறையில் இறங்காதீர்கள். கூட ஒரு தோழியை அழைத்துச் செல்லுங்கள். உங்களைவிடக் கொஞ்சம் மட்டமானவளாகப் பார்த்து.