ஏ போய் ஈ வந்த பலகை

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். முதலில் சொந்தக் கடை போட்டவள் அக்கா. கடை என்றால் ஒரு ஷட்டர், ஒரு மேசை, அறுக்கும் இயந்திரம், அவ்வளவுதான். அக்ரிலிக் தகட்டில் எழுத்து அறுத்துப் பெயர்ப்பலகை செய்கிறாள்.

பழைய முதலாளியிடமிருந்து விலகி வந்த பிறகு கடைத்தெருவில் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை, பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவரின் பேனா, நோட்டுக் கடைக்கு. எதிரில் மூக்குக்கண்ணாடிக் கடை. அதன் முதலாளி, "இந்தப் பலகையைப் பாத்துட்டு நம்மதைப் பேசலாம்மா" என்று சொல்லியிருந்தார். சொதப்பினால் அந்தத் தெருவே கைவிட்டுப் போகும். அன்று மாலை கடைத்திறப்பு. மதியம் நான் போனபோது நீலப் பலகையில் வெள்ளை ஆங்கில எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. அண்ணாந்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்.

"அக்கா, ஸ்டேஷனரியில ஏ வரக்கூடாது. ஈ வரணும்."

"ரெண்டும் ஒரே மாதிரிதானடா சொல்றோம்."

"சொல்றது ஒண்ணுதான். ஏ போட்டா ஒரே இடத்துல அசையாம நிக்கிறதுன்னு அர்த்தம். ஈ போட்டாத்தான் பேனா, பேப்பர்."

டிரைவர் அண்ணன் ஏணியைப் பிடித்தபடி சிரித்தார். "அப்ப சரியாத்தானே இருக்கு, தம்பி. காலம் பூரா ஓடியாச்சு. இனி ஒரே இடத்துல நிக்கத்தான் கடையே போட்டேன்."

தாளில் ஏ போட்டு எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். அக்கா அதைச் சொல்லிக் காட்டவில்லை. "எதிர்த்தாப்ல கண்ணாடிக்காரர் இருக்காருண்ணே. அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியும்" என்றபடி துண்டுத் தகட்டில் ஓர் ஈ அறுத்துக்கொண்டு வந்தாள்.

அக்கா எழுத்தைப் பார்க்க மாட்டாள். எழுத்துகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைத்தான் பார்ப்பாள். ஈ ஒல்லி. அதை வைத்ததும் பக்கத்தில் பல் விழுந்த மாதிரி ஒரு சந்து.

"இப்படியே விட்டா ராத்திரி தூக்கம் வராது எனக்கு" என்று பின்னால் இருந்த இரண்டு எழுத்துகளையும் பெயர்த்து நெருக்கி ஒட்டினாள்.

அதில்தான் வினை. எழுத்தின் முனைகளில் மட்டும் பொட்டுப் பொட்டாகப் பசை வைப்பது அவள் வழக்கம். பெயர்த்த இடமெல்லாம் நீலச் சாயம் உரிந்து, பலகைக்கு அம்மை போட்டதுபோல் ஆகிவிட்டது.

"ஒரு ஈக்காக இவ்வளவு பாடா, தங்கச்சி?" என்றார் டிரைவர் அண்ணன்.

சாயம் அடித்தால் மாலைக்குள் காயாது. அக்கா ஏணியிலிருந்து இறங்கி, தெருவைக் கடந்து, கண்ணாடிக் கடை வாசலில் நின்று பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அங்கிருந்து நேராகத் தன் கடைக்குப் போய், மஞ்சள் தகட்டில் சட்டைப் பித்தான் அளவுக்கு வட்டங்கள் அறுத்துக்கொண்டு வந்தாள். உரிந்த இடங்களில் ஒட்டினாள். அது மட்டும் தனியாகத் தெரியவே, பலகை முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாக இறைத்தாள். நான் கீழிருந்து எடுத்துக் கொடுத்தேன். பார்க்கப் பார்க்க, பிள்ளைகள் நுழையத் துடிக்கும் கடையாகிவிட்டது அது.

மாலையில் கூட்டம். கண்ணாடிக்காரர் வந்து வெகுநேரம் அண்ணாந்து நின்றார்.

"ஏம்மா, இந்தப் புள்ளியெல்லாம் நமக்கும் வச்சுத் தருவியா?"

"அது இந்தக் கடைக்கு மட்டுந்தாங்க. உங்களுக்கு வேற யோசிச்சிருக்கேன்."

அப்போதுவரை அவள் ஒன்றும் யோசித்திருக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் பூரித்துப்போய்த் தன் கடைப் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அக்கா அதைப் படிக்காமலே என் கையில் திணித்தாள்.

"பட்டதாரி, முதல்ல இதைப் படி. அப்புறந்தான் மெஷினைப் போடுவேன்."