நாற்பது தகரக் குழல்களும் ஒரு பிறந்தநாளும்

கேக் வெட்டும் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்னிடம், "இத ரெடி பண்ணது நீதானா?" என்று கேட்டிருக்கிறார். குழலுக்குச் சுருதி சேர்க்கும் வேலையில் இப்படியும் நடக்கும். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஏகாம்பரம். நெமிலிச்சேரியில் இருக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டூல் ரூமில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பஜனைக் கோஷ்டியில் குழல் ஊதப் பழகியிருந்ததால், கடையில் வாங்கிய குழலில் சுருதி விலகியிருந்தால் என்னோடு ஊதுகிறவர்கள் என்னிடம் கொண்டுவருவார்கள். துளையைப் பெரிதாக்கினால் சுருதி ஏறும். கொஞ்சம் அடைத்தால் இறங்கும். தொழில் அவ்வளவுதான். மீதி எல்லாம் ஆட்களைச் சமாளிப்பது.

1. வந்து இறங்கிய குழல்கள்

பூந்தமல்லி தாண்டி ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே குடியிருப்போர் சங்கம் புதிதாகக் கட்டிய மண்டபத்துக்குத் திறப்பு விழா. அந்தப் பக்கத்து அரசியல் பிரமுகர் ஒருவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். அவரை அழைத்த காரணம் சாலை. கேட்டுக்கு வெளியே இருந்த மண் சாலையில் மழை பெய்தால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். ஸ்கூல் வேன் உள்ளே வராது. பெற்றோர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை நடப்பார்கள். பிரமுகர் மனம் வைத்தால் தார் போட்டுவிடலாம். அவர் மனம் குளிர, குடியிருப்புவாசிகள் நாற்பது பேர் சேர்ந்து குழல் வாசிப்பது என்று சங்கத் தலைவர் முடிவு செய்தார்.

தலைவர் பெயர் சபேசன். ஒரு கம்பெனியில் ஜெனரல் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற விஷயம் அவருக்கு இன்னும் முறையாகத் தெரிவிக்கப்படவில்லை என்று நினைக்கிறேன். தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கும் திங்கட்கிழமை ரிவ்யூ வைப்பார்.

மூங்கில் குழலில் முதல் சத்தம் வரவே பலருக்கு வாரக்கணக்காகும். சபேசனுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஆன்லைனில் தேடி, வெளிநாட்டு நாட்டுப்புற இசைக்கு வாசிக்கும் தகரக் குழல் நாற்பது வரவழைத்துவிட்டார். அதன் நுனியில் விசில் மாதிரி வாய் இருக்கும். ஊதினால் போதும், சத்தம் வந்துவிடும். குழல் கைக்கு வந்த வாரத்திலேயே பலர், பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும்போது பாடும் மெட்டைத் தாங்களாகவே கண்டுபிடித்து, லிஃப்டிலும் மொட்டை மாடியிலும் வாசித்திருக்கிறார்கள். சபேசனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பாட்டு டீச்சரை அழைத்தார்கள். ஆவடியிலிருந்து வரும் சுகந்தி டீச்சர். விழாவுக்கென்று மாயாமாளவகௌளை ராகத்தில் சின்னதாக ஒரு வரவேற்புப் பாட்டை அவரே அமைத்தார். நம் ஊரில் பாட்டு கற்றுக்கொள்கிறவர்கள் முதலில் தொடங்குவது அந்த ராகத்தில்தான். வந்த குழல்களிலோ துளைகள் சங்கராபரணம் என்ற வேறு ராகத்துக்குப் போட்டவை. டீச்சரின் ராகத்துக்கு அதில் ரி என்கிற ரிஷபமும் த-வும் அரைக் கட்டை உயரம். துளையைப் பாதி மூடி வாசித்தால் இறங்கும். ஆனால் நாற்பது பேர் நாற்பது விதமாகப் பாதி மூடினார்கள்.

டீச்சர் எனக்குப் போன் செய்தார். "அண்ணா, இங்க நாப்பது ரிஷபம் கேக்குது. எனக்கு ஒண்ணு போதும். வந்து காப்பாத்துங்க."

2. சுருதி சப்-கமிட்டி

நான் போனபோது சபேசன் ஏற்கெனவே 'சுருதி சப்-கமிட்டி' ஒன்றை அமைத்திருந்தார். ஆறு உறுப்பினர்கள். ஆறு பேருக்கும் பாட்டு தெரியாது. அதனால் பாரபட்சம் இருக்காது என்று எனக்கு விளக்கப்பட்டது.

ஒரு குழலை எடுத்து, ரி-த் துளையிலும் த-த் துளையிலும் மேல் விளிம்பில் சின்னதாக டேப் ஒட்டி வாசித்துக் காட்டினேன். டீச்சர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இதேதான்" என்றார். சபேசன் கண்ணை மூடவில்லை. போனில் சுருதி பார்க்கும் ஆப் வைத்திருந்தார். குழலை வாங்கி, டயருக்குக் காற்று அடிப்பது போல ஊதினார். முள் சிவப்புக்குப் போனது.

"டிஃபெக்ட் இருக்கே, மிஸ்டர் ஏகாம்பரம்."

"நீங்க வேகமா ஊதறீங்க சார். காத்து கூடினா சுருதி ஏறும்."

"அப்போ காத்தை ஸ்டாண்டர்டைஸ் பண்ணிடலாம்."

மறுநாள் வாட்ஸ்அப் குழுவில், வாசிப்பவர்கள் அனைவரும் ஒரே அளவு மூச்சு விடும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள்.

டேப் அவருக்குப் பிடிக்கவில்லை. "போட்டோல தெரியும். நம்ம இமேஜ் என்ன ஆறது? பெர்மனென்ட்டா அடைச்சிடுங்க."

பெர்மனென்ட்டாக அடைத்தால் அந்தக் குழலில் சங்கராபரணம் வராது. அந்த ராகத்தில் அமைந்த எந்த மெட்டும் வராது. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் லேப்டாப்பைத் திருப்பி, விழா பேனரின் டிசைனைக் காட்டினார். பிரமுகரின் பெரிய படத்துக்குக் கீழே ஒரு சின்ன வட்டம். அதில் 'சுருதி நிபுணர் ஏகாம்பரம்'. "உங்க போட்டோ ஒண்ணு அனுப்புங்க" என்றார்.

எஸ்டேட்டில் இருந்த காலம் முழுக்க என் பெயர் ஷிஃப்ட் சார்ட்டில் மட்டும்தான் வந்திருக்கிறது. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

குழாய் ஒழுகலை அடைக்கும் எப்பாக்சிப் பிசினை வாங்கி வந்து, ஒரு வாரம் வேலை செய்தேன். பிசினைக் குச்சியால் துளையின் மேல் விளிம்பில் வைத்து, காய்ந்த பிறகு ஊசி அரத்தால் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ரி-யை இறக்கினால் அடுத்த க-வும் சற்றுத் தொய்யும். அதனால் க-வின் துளையை முடி அளவு பெரிதாக்கினேன். நாற்பதும் ஒரே குழல் போல வந்துவிட்டன. அதில் எனக்குக் கர்வம் உண்டு.

என் மனைவி கஸ்தூரி ஒன்றிரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு, "நிபுணரே, தண்ணி லாரி வந்துகினு கீது. கொடத்த எடுத்துகினு போ" என்றாள்.

3. மேடை

விழா காலை பத்து மணிக்கு. பிரமுகர் பதினொன்றே முக்காலுக்கு வந்தார். கூடவே நாலு கார் ஆட்கள். வந்த வேகத்திலேயே ஒருவர் சபேசனிடம், "அண்ணனுக்கு இன்னிக்குப் பொறந்தநாளு. தெரியும்ல?" என்றார்.

சபேசனுக்குத் தெரியாது. ஆனால் ஜெனரல் மேனேஜர்கள் தெரியாது என்று சொல்வதில்லை. "எல்லாம் ஏற்பாடு பண்ணியிருக்கு" என்றார். பத்து நிமிடத்தில் பக்கத்துப் பேக்கரியிலிருந்து கேக் வந்தது. மேடைக்கு வந்தது. மெழுகுவத்தி ஏற்றினார்கள். சபேசன் மைக்கைப் பிடித்தார்.

"வரவேற்புப் பாட்டு அப்புறம். முதல்ல, நம்ம நாற்பது கலைஞர்களும் ஐயாவுக்காகப் பிறந்தநாள் மெட்டை வாசிப்பாங்க!"

சுகந்தி டீச்சர் மேடை ஓரத்திலிருந்து, "சார், வேணாம், வேணாம்" என்று கையை ஆட்டினார். நான் மூன்றாவது வரிசையிலிருந்து எழுந்து ஓடினேன். என்னைப் பார்த்ததும் சபேசன் மைக்கை மூடிக்கொண்டு, "அதே குழல், அதே விரல். உங்களுக்கு என்ன பிராப்ளம்?" என்றார். அதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

பிறந்தநாள் மெட்டு எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். அது சங்கராபரணத்தில் வருவது. அதில் த-வையும் ரி-யையும் அரைக் கட்டை இறக்கிப் பாருங்கள். முதல் வரியிலேயே அழுகை வந்துவிடும். இரண்டாவது வரியில் பாடை கிளம்பிவிடும். தனியாக ஒருவர் வாசித்திருந்தால் பிசகு என்று விட்டிருப்பார்கள். நாற்பது பேரும் ஒரே சுருதியில், ஒரே மூச்சில், துல்லியமாக வாசித்தார்கள். என் வேலை அவ்வளவு சுத்தம். வாசித்தவர்களுக்கே என்ன நடக்கிறது என்று புரியவில்லை. விரல் சரியாகத்தான் போகிறது, வருவது ஒப்பாரியாக இருக்கிறது. நிறுத்தவும் பயந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கடைசி வரை வாசித்தார்கள். அது இன்னும் பொருத்தமாக இருந்தது.

பிரமுகரின் ஆள் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இன்னா மாமே, யார்னா பூட்டாங்களா?" என்று கேட்டார். அவர், "பேசாம சங்கே ஊதியிருக்கலாம்" என்றார்.

பிரமுகர் கத்தியைக் கேக்கில் வைக்காமல் நிமிர்ந்தார். "இன்னாயா இது? பொறந்தநாளா, கருமாதியா? யாரு பண்ண வேல?"

சபேசன் யோசிக்கவே இல்லை. பேனரைக் காட்டினார். சின்ன வட்டத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். தப்பிக்க வழியில்லை. மேடை ஏறினேன்.

"இத ரெடி பண்ணது நீதானா?"

"நான்தான் சார். இந்தக் குழல்ல அந்த மெட்டு வராது. ஒரு ராகத்துக்குன்னு துளைய அடைச்சிட்டேன். அத இவங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். பேனர்ல பேர் போடறேன்னாங்க, வாய மூடிகினேன். தப்பு என்னுது. இவங்க எத பழகுனாங்களோ அத ஒரு தபா கேட்டுட்டுத் திட்டுங்க சார்."

அவர் என்னையும் பேனரையும் மாறி மாறிப் பார்த்தார். "செரி, ஊதச் சொல்லு."

டீச்சர் தாளம் போட ஆரம்பித்தார். முதல் அடியில் பயம் தெரிந்தது. இரண்டாவது அடியில் நாற்பது குழலும் ஒன்றாகச் சேர்ந்தன. அந்த ரிஷபம் வந்து நின்ற இடத்தில் பிரமுகரின் ஆட்கள்கூட மேடையைத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று நிமிடம் இருக்கும். நான் கத்தியை மறந்தேன், பேனரை மறந்தேன். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். பிரமுகரும் கடைசி வரை நின்றபடியே கேட்டார். பிறகு கேக்கை வெட்டினார்.

கிளம்பும்போது, "இது நல்லா கீது" என்றார். சபேசன் காருக்குப் பின்னாலேயே ஓடிச் சாலையைப் பற்றிச் சொன்னார். "பாக்கலாம்" என்று பதில் வந்தது. அரசியலில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று நமக்குத் தெரியும்.

4. விளக்கக் கடிதம்

மூன்றாம் நாள் சங்கத்திலிருந்து கடிதம். 'மேற்படி விழாவில் தங்களால் சீரமைக்கப்பட்ட குழல்கள் துக்ககரமாக ஒலித்தமைக்குத் தக்க விளக்கம் அளிக்கவும்.' ராகத்தின் மேல் குற்றமில்லை, அடைக்கும்போது நான் சொல்லாமல் விட்டதுதான் குற்றம் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பதிலை ஆராய இன்னொரு சப்-கமிட்டி போட்டார்கள்.

சாலை வரவில்லை. மழை வந்தது. குழல்களைத் திரும்பச் சரிசெய்யப் போன அன்று, ஒரு பெண்மணி இடுப்பில் பிள்ளையும் தோளில் ஸ்கூல் பையுமாகத் தண்ணீரில் நடந்து வந்தார். அந்த நாற்பது பேரில் அவரும் ஒருவர். என்னைப் பார்த்து, "வாங்க சார், வழுக்கும், பாத்து வாங்க" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

அதற்கு முன்பே பொதுக்குழுவில் ஓட்டெடுப்பு நடந்திருந்தது. பாதிப் பேர் குழலைப் பழையபடி மாற்றச் சொன்னார்கள். மீதிப் பேர் டீச்சரிடம் தொடர்ந்து கற்றுக்கொள்ளப் போவதாகச் சொல்லி, தொடவே கூடாது என்றார்கள். மாற்றுவது சுலபமாக இல்லை. பிசினைச் சுரண்டி எடுக்கலாம். அரம் தின்ற தகரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. பெரிதாக்கிய க-த் துளைகளுக்கு மறுபடி துளித் துளியாகப் பிசின் வைத்து இறக்கினேன். குழம்பாமல் இருக்க டீச்சர் நூல் கட்டினார். சிவப்பு நூல் மாயாமாளவகௌளை. நீல நூல் பிறந்தநாள்.

இதில் நான் கற்றுக்கொண்டது இதுதான். அரத்தை எடுப்பதற்கு முன், "என்ன வாசிக்கப் போறீங்க?" என்று கேளுங்கள். "நாளைக்கு வேற எதாவது வாசிப்பீங்களா?" என்றும் கேளுங்கள். முதலில் டேப் ஒட்டிக் கொடுத்து ஒரு வாரம் வாசிக்கச் சொல்லுங்கள். போட்டோவில் தெரிந்தால் தெரியட்டும். பெர்மனென்ட் என்று யாராவது சொன்னால், அதன் விளைவை நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் பிறகு செய்யுங்கள். அந்த நேரத்தில் யாராவது உங்களை நிபுணர் என்று கூப்பிட்டால் இன்னும் சத்தமாகச் சொல்லுங்கள்.

போன வாரம் வேப்பம்பட்டிலிருந்து ஒருவர் வந்தார். பளபளவென்று வார்னிஷ் அடித்த நீளமான மூங்கில் குழல்.

"சுருதி கரீட்டா கீதான்னு பாருண்ணா."

"என்ன வாசிப்பீங்க?"

"வாசிக்கவா? எனக்கு ஊதவே தெரியாதுண்ணா. புது ஊட்டு ஷோகேஸ்ல மாட்டணும்."

ஊதிப் பார்த்தேன். ப-வில் சுருதி நன்றாகவே இறங்கியிருந்தது. துடைத்துக் கையில் கொடுத்து, "ஷோகேஸுக்கு ரொம்ப கரெக்டா இருக்கு" என்று சொல்லி அனுப்பினேன்.