தேருக்காக எடுத்த வேகத்தடை

என் பஞ்சர் கடைக்கு எதிரே போன மாதம் ஒரு பேனர் கட்டினார்கள். சாலை விபத்து மரணங்கள் குறைந்துவிட்டனவாம். மக்களிடம் விழிப்புணர்வு பெருகியதுதான் காரணமாம். எமன் வேஷம் போட்ட ஒருவரை நிற்க வைத்து, ஹெல்மெட் இல்லாதவர்கள் மேல் கயிறு வீசச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார்கள். படம் எடுத்து முடித்ததும் எமன் தன் பைக்கில் ஏறிப் போனார். தலையில் கிரீடம்தான் இருந்தது.

சாவு குறைந்தது உண்மை. காரணம்தான் பொய்.

என் கடை பெரிய காஞ்சிபுரத்தில், தேர் போகிற வீதியின் முனையில் இருக்கிறது. பல வருடமாக அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். எண்ணெய் கொட்டினால் போடுவதற்காகக் கடையில் ஒரு வாளி மணல் வைத்திருப்பேன். அதை அதிகம் போட்டது ரத்தத்தின் மேல்தான். அடிபட்டவனை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, மணலைக் கொட்டிக் காலால் பரப்பிவிட்டு, மறுபடி வந்து டியூபைத் தண்ணீரில் அமுக்குவேன். அது ஒரு வேலையாகவே ஆகிப்போயிருந்தது.

அது ஏன் குறைந்தது என்று எனக்குத் தெரியும். இப்போது ஆம்புலன்ஸ் சீக்கிரம் வருகிறது. முன்பு ஆட்டோவில் மடித்துப் போட்டுக் கொண்டுபோவதிலேயே பாதி உயிர் போகும். கல்யாணப் பட்டு எடுக்க வருகிறவர்களின் கார்கள் இரண்டு பக்கமும் நிற்கின்றன, பறக்க நினைத்தாலும் இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, முனைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வேகத்தடை போட்டார்கள். மனிதன் திருந்தவில்லை. அவனால் வேகமாகப் போக முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்த வேகத்தடை வேண்டாம் என்று மனு எழுதிக் கையெழுத்துப் போட்ட கடைக்காரர்களில் நானும் ஒருவன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. வேகத்தடை போட்ட பிறகு அந்த மழைக்காலம் முழுக்க அங்கே யாரும் சாகவில்லை. விழுந்தார்கள், முட்டி பெயர்ந்தது, எழுந்து திட்டிவிட்டுப் போனார்கள்.

ஆனால் வைகாசியில் தேர் வரும். சக்கரம் மேட்டில் ஏறி இறங்கினால் தேர் ஆடும், வடம் பிடிக்கிறவர்களுக்கு ஆபத்து. அதனால் இரண்டு நாள் முன்பே வேகத்தடையைக் கொத்தி எடுத்து ரோட்டைச் சமமாக்கிவிடுவார்கள். அதில் தப்பே இல்லை. திரும்பப் போடுவதில்தான் தப்பு. திருவிழா முடிந்ததும் சாமி இளைப்பாறுகிற நாட்கள் உண்டு, விடையாற்றி என்போம். அது முடியும்வரை யாரும் ரோட்டைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார்கள். சாமி இளைப்பாறுவது கோயிலுக்குள், ரோட்டில் இல்லை. இருந்தாலும் கேட்க மாட்டார்கள். முடிந்த பிறகு மறந்துவிடுவார்கள்.

போன வருடமும் இதே கதைதான். பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒருவர் தறியில் ஏற்றுகிற பாவு நூல் மூட்டையைச் சைக்கிள் கேரியரில் கட்டி எடுத்து வருவார். தினமும் காற்றடிக்க என் கடையில் நிற்பார். காற்று தேவையே இருக்காது.

"இன்னாபா, நேத்து அடிச்ச காத்து நேத்தே பூடுச்சி. உன் காத்துல சத்தே இல்ல" என்பார்.

"சைக்கிள வித்துட்டு கழுத வாங்கு. அதுக்குக் காத்து அடிக்கத் தேவல" என்பேன்.

தேர் போன ஆறாம் நாள் காலையில் ரோட்டைக் காட்டிச் சொன்னார்: "மேடு இல்லாம பசங்க ரொம்பப் பறந்துக்கினு இருக்கானுங்க. ரோடு ஆபீசுல ஒரு வார்த்த சொல்லேன்பா."

"விடையாத்தி முடியட்டும். சாமி காரியத்துல நாம பேசக் கூடாது" என்றேன்.

நான்தான் சொன்னேன், வேறு யாரும் இல்லை. அதிலிருந்து மூன்றாம் நாள் அவர் ரோட்டைக் கடக்கும்போது ஒரு பைக் வந்து அடித்தது. பைக்காரன் ஹெல்மெட் போட்டிருந்தான், பிழைத்துக்கொண்டான். இவர் சைக்கிள்காரர். பட்டுப் பாவு அவிழ்ந்து ரோட்டில் நீளமாகக் கிடந்தது. அன்றைக்கு வாளி மணல் முழுவதும் போதவில்லை. அடுத்த வாரம் வேகத்தடையைப் போட்டார்கள்.

இந்த வருடமும் தேருக்காக எடுத்தார்கள். தேர் போய் ஐந்தாம் நாள் அவருடைய மனைவி கடைக்கு வந்தாள். இப்போது ஒரு பட்டுக் கடையில் புடவை எடுத்துப் போடுகிற வேலை பார்க்கிறாள்.

"அண்ணா, திங்கக்கெழம ஸ்கூல் தொறக்குறாங்க. பொண்ணு இந்த வருஷம் ஆறாவது, ரோட்டுக்கு அந்தாண்ட இருக்குற பெரிய ஸ்கூலு. அவ அப்பா இருந்தா சைக்கிள்ல வுட்டுடுவாரு. நான் எட்டரைக்கே கடையில இருக்கணும், அது தனியாத்தான் தாண்டணும். மேடு எப்போ போடுவாங்கன்னு கேட்டுச் சொல்லுங்கண்ணா."

அவள் கணவனிடம் நான் என்ன சொன்னேன் என்பதை அவளிடம் சொன்னதே இல்லை. அன்றும் சொல்லவில்லை. நேராக ரோடு ஆபீசுக்குப் போனேன்.

"விடையாத்தி முடியட்டும்பா. அப்புறம் போட்டுடலாம்" என்றார் இன்ஜினியர்.

"ஸ்கூலு திங்கக்கெழம சார்."

"அதுக்கு நான் இன்னா பண்றது? சாமி முடியறதுக்குள்ள ரோட்டுல கைய வச்சிட்டான்னு எவனாவது கெளப்பி வுட்டா, நீ வந்து பதில் சொல்லுவியா?"

நான் போன வருடம் சொன்னதைத்தான் அவர் சொன்னார். கத்தினேன். பியூன் வந்து கையைப் பிடித்து வெளியே விட்டார். பாதிக் கோபம் என் மேல்தான்.

வெளியே நின்று யோசித்தபோது தேருக்குக் கட்டை போடுகிறவர் நினைவு வந்தது. உருளுகிற சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டையைச் செருகித் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர் வேலை. கை தப்பினால் கால் போகும். தேர் விஷயத்தில் அவர் பேச்சுக்கு ஊரில் மறுபேச்சு கிடையாது. போனபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"தேரு நிலைக்குப் போய் அஞ்சு நாள் ஆவுது. இனிமே அடுத்த வைகாசிக்குத்தான் நகரும். அப்புறம் யாருக்காகப்பா ரோடு சமமா இருக்கணும்?" என்றார்.

"இத அந்த ஆபீசர்கிட்ட சொல்லுங்க."

"வண்டி வச்சிருக்கியா?"

"இருக்குது."

"பஞ்சர் ஆவாத வண்டியா? பஞ்சர் கடைக்காரன் வண்டிய நம்ப முடியாது."

மறுநாள் இருவரும் போனோம். அவர் உட்காரவில்லை. வேட்டியைக்கூட இறக்கிவிடவில்லை.

"சார், அவ்ளோ பெரிய தேரு கட்ட போட்டாத்தான் நிக்குது. போடலன்னா சாமி ஏறுன தேரே ஆள சாவடிக்கும். பைக்கு இன்னா, சாமியவிடப் பெரிசா?"

"கோயில்ல ஏதாவது சொல்லிட்டா?"

"தேருக்கு மேடு வேணாம்னு கேட்டது நாங்க. இப்போ வேணும்னு கேக்குறதும் நாங்கதான். யாரு கேட்டாலும் என் பேரச் சொல்லு."

இன்ஜினியர் போனை எடுத்தார்.

ஞாயிறு மத்தியானம் தார் வண்டி வந்தது. மேடு போட்டார்கள். வெள்ளைக் கோடு அடுத்த வாரமாம். கோடு இல்லாத மேடு கண்ணுக்குத் தெரியாது. வேகமாக வருகிறவனைத் தூக்கி, கடக்கிறவள் மேலேயே எறியும். நானே பெயின்ட் வாங்கி வந்து, தார் ஆறிய பிறகு உட்கார்ந்து அடித்தேன்.

பட்டுக் கடை வேலை முடிந்து அவள் அந்த வழியாக வந்தாள். பிரஷை வைத்துவிட்டு, போன வருடம் அவரிடம் நான் சொன்னதைச் சொன்னேன்.

"அன்னிக்கே வீட்ல வந்து சொன்னாரு. நீங்க சொன்னது சரிதான்னாரு. அவரும் அப்பிடித்தான் நெனச்சிக்கினு இருந்தாரு" என்றாள். பிறகு, "அந்த ஓரத்துல பெயின்ட் படல பாருங்க" என்றாள்.

அடித்தேன்.

திங்கள்கிழமை காலை அவளுடைய மகள் புதுப் பையோடு வந்து ஓரத்தில் நின்றாள். அந்த நேரம் பார்த்து ஒரு பைக் வேகமாக வந்தது. மேட்டைப் பார்த்து பிரேக் அடித்து, குலுங்கி ஏறி இறங்கி, என் கடை முன்னால் நின்றது. ஓட்டியவன் என் கையில் ஒட்டியிருந்த வெள்ளைப் பெயின்டைப் பார்த்தான்.

"நீதான் போட்டியா? அறிவு இருக்குதாயா? நடு ரோட்டுல மலையக் கட்டி வச்சிருக்க" என்று ஆரம்பித்தான்.

அவன் திட்டி முடிப்பதற்குள் அவள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.