வெள்ளிக்கிழமை மதியம் தேவயானி பேசினாள்

இது கட்டிவிட்ட கதை இல்லை. கலையரசி டீச்சர் பொய்யே சொல்லாத பிறவி என்றும் சொல்ல வரவில்லை. லீவு வேண்டுமென்றால் இல்லாத காய்ச்சலை வரவழைத்துக்கொள்வாள். ஆனால் கூடப் பிறந்தவளை வைத்துப் பொய் சொல்கிற மனசு அவளுக்குக் கிடையாது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

கல்லங்குறிச்சிப் பக்கம் வீடு. அப்பாவும் அம்மாவும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தம்பி கலைச்செல்வன் சிமெண்ட் லாரி ஓட்டுகிறான். கடைக்குட்டி தேவயானிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. அவள் வைத்தியத்துக்காகத்தான் கலையரசி மாலத்தீவுக்கு இங்கிலீஷ் டீச்சராகப் போனாள். ஊரில் அவளுக்கு 'ஃபாரின் டீச்சர்' என்று பேர். என்ன பெரிய ஃபாரின்? அரைமணி நேரம் நடந்தால் முடிந்துபோகிற தீவு, அதைச் சுற்றி நாலு பக்கமும் கடல். காலையில் ஆறாம் வகுப்பிடம் கத்தி, மதியம் பத்தாம் வகுப்பிடம் கத்தி, வாரக் கடைசி வேலைநாளான வியாழக்கிழமை வரும்போது தொண்டையில் வெறும் காற்றுதான் மிஞ்சும். ரூமுக்கு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்துவிடுவாள். அப்படி ஓர் அலுப்பு.

வேலை ஒப்பந்தம் முடிகிற நேரம். இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டால் வைத்தியம் தடையில்லாமல் நடக்கும். போடாவிட்டால் தங்கை பக்கத்தில் இருக்கலாம். எதைச் செய்தாலும் தேவயானியை உயிரோடு பார்த்துவிட வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்குக் கவலை.

கொஞ்ச காலமாகத் தேவயானியிடமிருந்து வாட்ஸ்அப்பில் எழுத்து மட்டும்தான் வரும். "நான் நல்லா இருக்கேன்க்கா. கையெழுத்து போட்டுடு. இப்ப வர வேணாம்." இவள் கூப்பிட்டால் எடுக்க மாட்டாள். கேட்டால், "டவர் இல்லக்கா" என்று அதற்கும் எழுத்தில்தான் பதில்.

ஆனால் வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் அவளே கூப்பிடுவாள்.

தீவில் அது ஜும்மா தொழுகை நேரம். கடைகள் சாத்தியிருக்கும். தெருவில் ஈ, காக்கை இருக்காது. அந்த அமைதியில் போன் அடிக்கும். திரையில் தேவயானி பேர்.

"அக்கா... எப்ப வருவ?"

"நீதானடி வர வேணாம்னு எழுதுன?"

"நான் எழுதல."

வாயைத் துணியால் பொத்திக்கொண்டு பேசுவது போன்ற குரல். சீக்காளிப் பெண், களைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள் கலையரசி. இன்னொன்றும் உறுத்தியது. அவர்கள் வீட்டு வாசலில் நாள் முழுக்க லாரி ஓடும். போனில் பேசினால் பாதி காதில் விழாது. இப்போது லாரிச் சத்தமே இல்லை. ஃபேன் சத்தமும் இல்லை. நடுநடுவே பொலபொலவென்று ஏதோ உதிர்கிற சத்தம் மட்டும்...

அடுத்த வெள்ளியும் வந்தது.

"பசிக்குதுக்கா. நீ வந்து போடு."

"ஏன், தம்பி சோறு போடலையா?"

பொலபொல...

கலையரசி கையெழுத்துப் போடவில்லை. யாரிடமும் சொல்லாமல் கிளம்பிவிட்டாள். விமானத்தில் சென்னைக்கு வந்து, அங்கே பஸ் பிடித்து, பெரம்பலூரில் இறங்கி அரியலூர் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் உடம்பு முழுக்க அடித்துப் போட்ட வலி. கண் சொருகியது. வெள்ளிக்கிழமை. உச்சி வெயில்.

போன் அடித்தது.

"பெரம்பலூர் வந்துட்டியாக்கா?"

யாருக்கும் சொல்லவில்லையே...

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"இருட்டா இருக்குக்கா. சீக்கிரம் வா."

வெளியே பட்டப்பகல்.

கலையரசிக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. தம்பிக்கு, 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதினாள்.

கலைச்செல்வன் வாசலிலேயே நின்றிருந்தான். முகம் வெளிறிக் கிடந்தது. பெட்டியை வாங்கிக்கொண்டான்.

உள்ளே சுவரில் தேவயானியின் படம்.

மாலை போட்டிருந்தது.

"மூணு மாசம் ஆச்சுக்கா" என்றான். "நீ ஒத்தையில கடலுக்கு நடுவுல கெடக்கற. சொன்னா தாங்க மாட்டன்னு சொந்தக்காரங்க எல்லாரும் சொல்ல வேணாம்னுட்டாங்க. வந்ததும் சொல்லிக்கலாம்னு இருந்தோம். அவ சிம்ம என் போன்ல போட்டு நான்தான் எழுதுனேன். வந்தா எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றதுன்னுதான் வராதன்னு எழுதிட்டேன்."

வெளிநாட்டில் இருப்பவர்களிடம் சாவுச் செய்தியை மறைப்பது நம் பக்கத்துப் பழக்கம். பாசத்தில்தான் செய்கிறார்கள். அதைப்போல ஒரு கொடுமை வேறு இல்லை.

அழுவதற்குக்கூடக் கலையரசிக்குத் தெம்பு இல்லை. சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

"வாய்க்கரிசி?"

"எல்லாரும் போட்டாங்கக்கா. நீ மட்டுந்தான்..."

'நீ வந்து போடு' என்று போனில் கேட்ட குரல் அவளுக்கு நினைவு வந்தது.

"அப்ப பேசுனதும் நீதானாடா?"

"யாரு பேசுனா?"

"தேவயானி. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம."

கலைச்செல்வன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"சத்தியமா என் போன்லருந்து ஒரு கால் கூட போகலக்கா."

"அவ போன் எங்க?"

அவன் தரையைப் பார்த்தான்.

"அக்கா கூப்புடும், அக்கா கூப்புடும்னு கடைசி வரைக்கும் கையிலயே வெச்சிருந்தா. சிம்ம மட்டும் எடுத்துக்கிட்டேன். போன எடுக்க மனசு வரல. அவ கையிலயே வெச்சுப் பொதைச்சுட்டோம்."



பிறகு கலையரசி கேட்டாள். தான் என்ன கேட்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"வைக்கிறப்ப... அதுல சார்ஜ் இருந்துச்சாடா?"

"இல்லக்கா. ஆஃப் ஆயிக் கெடந்துச்சு."