நானா நிய்யத்து வைத்த வட்டக்காய்

ரிஸ்வான் நானா, நீங்கள் பலாமரத்தின் கீழ்க்கொப்பில் சாரத்தைக் கட்டிக்கொண்டு நின்ற அந்தக் காலைதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. மழை விட்டிருந்தது. நீங்கள் உடுத்துக் கழித்த, ஓரம் கிழிந்த பழைய நீலச் சாரம். இரண்டு நுனியையும் கொப்பில் முடிந்துவிட்டு, பாரத்தில் கொடி அறுந்துவிடக் கூடாதென்று அந்த வட்டக்காயைத் தூக்கி நடுவில் வைத்தீர்கள். உங்கள் தலைக்கு மேலே, அதே கொப்பில்தான் குளவிக்கூடும் தொங்கியது. நீங்கள் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் அதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நானாவைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் என் ஒரே நானா, கூடப்பிறந்த மூத்தவர். கெலிஓயாவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிலம் படி படியாக ஓடை வரைக்கும் இறங்கும். விடியலில் சுபஹ் தொழுதுவிட்டு வந்து கடை திறக்கும் நேரம் வரை அந்தப் படிகளில்தான் நிற்பார். சித்திரை மழைக்கு விதை போட்டார். பயிற்றங்காய், வெண்டிக்காய், கத்தரி, புடலை, கடைசிப் படியில் வட்டக்காய், உங்களில் சிலர் பூசணி என்பீர்கள். என் மதினிக்கு, நானாவின் மனைவிக்கு, இரண்டு தடவை பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. மூன்றாம் தடவை உண்டானபோது நானா நேர்ந்து நிய்யத்து வைத்தார். பிள்ளை நல்லபடியாக வர வேண்டும், தோட்டத்தில் முதலில் விளைகிற வட்டக்காய் பள்ளிவாசலுக்கு என்று. எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளி முற்றத்தில் ஏலம் விடுவார்கள். யார் வீட்டில் எது விளைந்தாலும், தேங்காயோ பலாக்காயோ, நேர்ந்துகொண்டதைக் கொண்டுபோய் வைப்பார்கள். ஏலத்தில் வருவது பள்ளிக்குச் சேரும்.

இந்த வருசம் காய்த்ததைப் போல ஒரு வருசமும் காய்த்ததில்லை. ஆனி மாதத்துக் காற்றிலும் மழையிலும் மற்ற வீடுகளில் இலையெல்லாம் புழு தின்று ஓட்டையாகிக் கிடந்தது. எங்கள் கத்தரி இலையில் ஒரு கடி இல்லை. புடலங்காய் வளையாமல் இறங்க நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டோம், கல் மண்ணைத் தொடுமளவுக்கு வளர்ந்தது. பயிற்றங்காயைப் பிடுங்கி முடித்துத் திரும்பினால் பிடுங்கின இடத்திலேயே இன்னும் தொங்குவது போல இருக்கும். உம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் பை பையாகக் கொடுத்தனுப்பினார். எல்லாரும் நானாவின் கையைப் புகழ்ந்தார்கள். நானா சிரித்துக்கொண்டு மேலே காட்டுவார். புழுவையெல்லாம் குளவிதான் பிடித்துக்கொண்டு போகிறது, மருந்தடிக்கிற வேலை மிச்சம் என்பார்.

அது உண்மைதான். நானும் கண்டிருக்கிறேன். ஆனால் அவை புழுவை மட்டும் பிடிக்கவில்லை. வட்டக்காய்ப் பூவுக்கு வந்த தேனீக்களையும் பூவுக்குள் வைத்தே பிடித்தன. கொஞ்ச நாளில் தேனீ வரவே இல்லை. பெண் பூக்கள் சும்மா மஞ்சளாகி விழுந்தன. அதனால் நானா விடியலில் ஆண் பூவைக் கிள்ளி, பெண் பூவில் தன் கையாலேயே தடவிவிட்டார். அதிலும் ஒன்றே ஒன்றுதான் பிடித்தது. பலாமரத்தில் ஏறிய கொடியில், அந்தக் கொப்பில்.

உம்மா குழாயடியில் மீன் கழுவும்போது குளவி வந்து செதிளோடு ஒட்டின சதையைக் கடித்துக்கொண்டு போகும். உடுப்புக் காயப்போடுகிற மரக்கம்பத்தில் உட்கார்ந்து மரத்தைச் சுரண்டும். பக்கத்தில் நின்றால் அந்தச் சத்தம் கேட்கும், யாரோ நகத்தால் பிறாண்டுவது போல. கம்பத்தில் வெள்ளைக் கோடு கோடாக விழுந்தது. அதே கோடுகள் கூட்டிலும் இருந்தன. எங்கள் கம்பத்தைத்தான் தின்று தின்று கூடு கட்டுகின்றன என்று எனக்குப் புரிந்த நாளில் என் உடுப்புகளை மட்டும் எடுத்து வீட்டுக்குள் காயப்போட்டேன். முதலில் தேங்காயளவு இருந்த கூடு, பிறகு குடமளவானது. காயும் கூடவே பருத்தது.

பக்கத்து வீட்டுச் சிங்கள அங்கிள் வேலியோரம் வந்து நானாவை எச்சரித்தார். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும், ஆனால் பகிடி விடாமல் பேச மாட்டார். தம்பியை மல்லி என்பார், மனைவியை நோனா என்பார். "மல்லி, இது எங்கட நோனா மாதிரி. சும்மா உட்டா சும்மா இருக்கும். கோவம் வந்தா ரெண்டு பேருக்கும் ஓட எடம் இல்ல" என்றார். கடுகண்ணாவையில் கூடு எரிக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார், சொல்லி அனுப்பட்டுமா என்றும் கேட்டார்.

நானா ஒத்துக்கொள்ளவில்லை. "இப்ப நெருப்பு வெச்சா கொடியும் கருகிடும் அங்கிள். அது பள்ளிக்கு வெச்ச சாமான். காய் எறங்கட்டும், பொறகு எரிப்போம்."

வாப்பாவும் அதைத்தான் சொன்னார். உம்மாவும் அதைத்தான் சொன்னார். நேர்ந்துகொண்ட பொருளுக்குக் கீழே நெருப்பு வைக்க யாருக்கு மனம் வரும். காம்பு காய வேண்டும், அதுவரை பொறுப்போம் என்று எல்லாரும் காத்திருந்தோம். மதினி மட்டும் சாரத்தில் கிடந்த காயைப் பார்த்துக் கிண்டல் பண்ணினார். "எனக்கு முதுகுக்கு ஒரு தலவாணி வெக்கச் சென்னா மறதி. வட்டக்காய்க்கு தொட்டில் கட்ட மட்டும் ஞாபகம் ஈக்கிது."

"அது பேசாமத் தூங்குது" என்றார் நானா. "நீங்க எங்க தூங்குறீங்க?"

மதினி அவர் மேல் ஒரு வெண்டிக்காயை எறிந்தார். அன்றைக்கு நாங்கள் அவ்வளவு சிரித்தோம்.

காம்பு காய்ந்தது. வெள்ளிக்கிழமை சுபஹுக்குப் பிறகு, குளவி அசையாத குளிரில் காயை இறக்குவதாகவும், அன்றைக்கே ஆளைக் கூப்பிட்டுக் கூட்டை எரிப்பதாகவும் முடிவானது. வியாழக்கிழமை கடையைப் பாதி நாளோடு பூட்டியதால் நானா அஸர் தொழுகைக்கு முன்னமே வீட்டுக்கு வந்துவிட்டார். உம்மாவும் மதினியும் நடுப்படியில் பயிற்றங்காய் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் பின்கதவில் நின்று தேங்காய்ப் பால் பிழிந்த சக்கையைக் கோழிக்குக் கொட்டினேன். அப்போது ஒரு பருந்து வந்தது. வட்டம் அடிக்காமல் நேராக வந்து கூட்டில் தொங்கிக்கொண்டு காலால் கிழித்தது. சாம்பல் நிறத்தில் ஒரு துண்டு நனைந்த கடதாசி மட்டை போலக் கீழே விழுந்தது. பருந்து பறந்துவிட்டது. குளவிகள் கீழே வந்தன.

நானா என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். உடுப்புக் கொடியில் காய்ந்த போர்வையை இழுத்து மதினியின் மேல் போட்டு மூடி, உம்மாவின் கையில் அவரைக் கொடுத்தார். பிறகு தன் சேர்ட்டைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு, கத்திக்கொண்டு, ஓடைப் பக்கம் ஓடினார். அவை அவருக்குப் பின்னாலேயே போயின. உம்மா மதினியை இழுத்துக்கொண்டு வந்து உள்ளே விழுந்தார். கீழேயிருந்து நானாவின் குரல் கேட்டது. "கதவ சாத்துங்க தங்கச்சி. சாத்துங்க."

அங்கிள் ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு போய்த்தான் ஓடையிலிருந்து அவரைத் தூக்கி வந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் த்ரீவீலில் நானாவின் தலை என் மடியில் இருந்தது. முகம் வீங்கிக் கண் மூடிவிட்டது. என் நானாவின் முகம் அது என்று நம்ப முடியவில்லை. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஒங்கட மதினிக்குப் பட்டிச்சா?"

"ஒண்டும் படல்ல நானா. ஒண்டு கூடப் படல்ல."

அவர் தலையசைத்தார். பொழுது சாய்ந்து மஃரிபு ஆகுமுன்னே மௌத்தாகிவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு, ஏலம் விடுகிற அதே முற்றத்தின் வழியாக அவரை அடக்கம் செய்யத் தூக்கிப் போனார்கள். அன்றைக்கு ஏலம் இல்லை.

அடுத்த இரவு ஆட்கள் வந்து கூட்டை எரித்தார்கள். கொடியும் எரிந்தது, சாரமும் எரிந்தது. காய் கீழே விழுந்து பிளந்தது. காலையில் பார்க்கும்போது குரங்குகள் தின்று தோலை மட்டும் போட்டிருந்தன. கணவர் போனதால் மதினி வெளியே வராமல் இத்தா இருக்கும் அறையின் ஜன்னலிலிருந்து அந்த இடம் தெரியும். உம்மா ஜன்னலுக்குச் சீலை கட்டினார். எல்லாருடைய மனதிலும் ஒன்றுதான் இருந்தது. பிள்ளைக்காக வைத்த நிய்யத்து நிறைவேறவில்லையே, இனி பிள்ளை? மதினி வயிற்றில் கையை வைத்துக்கொண்டே இருப்பார். அசைகிறதா என்று யாராவது கேட்டால் கையை இன்னும் அழுத்திப் பார்ப்பார். அசைந்த பிறகுதான் தலையாட்டுவார்.

வாப்பா பள்ளி ஹஸரத்திடம் போய்க் கேட்டார். கைக்கு மிஞ்சிப் போனதை அல்லாஹ் கேட்க மாட்டான், அதன் பேரில் வேறு ஏதாவது கொடுங்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். கடையில் ஒரு வட்டக்காய் வாங்கிக் கொடுக்கலாம் என்றேன். உம்மா மறுத்துவிட்டார். "அவன் கையால நட்டதுதான் போகோணும் மகள்." நானும் உம்மாவும் தோட்டத்தில் இறங்கினோம். நானா போன பிறகு அன்றைக்குத்தான் முதல் தடவை. முற்றிப்போனது, பிஞ்சு என்று பார்க்காமல் எல்லாவற்றையும் பிடுங்கினோம். கடைசியில் செடியில் இலை மட்டும்தான் இருந்தது. வாப்பா சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு ஜும்ஆவுக்குப் போனார்.

ஏலம் விடுகிறவர் சாக்கை அவிழ்த்து வைத்ததும் யாரும் விலை கேட்கவில்லையாம். பிறகு நானாவின் கடை முதலாளி ஒரு கட்டுப் பயிற்றங்காயைக் கேட்டாராம். அதற்குப் பிறகு ஒவ்வொருவராகக் கேட்டு, ஒரு கத்தரிக்காய், ஒரு புடலங்காய் என்று வாங்கிக்கொண்டு போனார்களாம். வாப்பா வெறும் சாக்கோடு வந்து மதினியின் அறைக் கதவுக்கு வெளியே நின்றார். "எல்லாம் போச்சு மகள். ஒண்டும் மிச்சமில்ல" என்றார். உள்ளேயிருந்து மதினி அழுகிற சத்தம் கேட்டது. அவர் சத்தம் போட்டு அழுதது அன்றைக்குத்தான்.

இன்று காலை மதினிக்கு வலி எடுத்துவிட்டது. நாள் இன்னும் இருக்கிறது, முந்திவிட்டது. உம்மாவும் வாப்பாவும் ஆஸ்பத்திரி வாட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அங்கிள் பன்சலைக்குப் போய் புத்தருக்கு விளக்கு வைத்துவிட்டு வந்து, எங்கள் வாசல்படியில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். போன் இன்னும் அடிக்கவில்லை. இதை வாசிக்கிற எல்லாரையும் கேட்கிறேன், நீங்கள் யாராக இருந்தாலும், உங்களுக்குத் தெரிந்த மாதிரி எங்கள் நானாவுக்காக துஆ செய்யுங்கள். அவர் முகம் காணாத பிள்ளைக்காகவும் துஆ செய்யுங்கள்.