ரயிலில் கிழித்துக் கொடுத்த தாள்

ஜெர்சி சிட்டியிலிருந்து மன்ஹாட்டன் போகும் காலை ரயிலில், அவர் பெரும்பாலும் என் எதிர் சீட்டில் இருப்பார். எழுபது வயதைத் தாண்டியவர். சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடப் போட்டிருப்பார். குட்டி நோட்டு ஒன்றில் பென்சிலால் வலமிருந்து இடமாக எழுதிக்கொண்டே வருவார்.

அரபி என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"எழுத்து ஹீப்ரு. சொலித்ரேயோன்னு ஒரு பழைய கையெழுத்து," என்றார்.

"அப்போ பாஷையும் ஹீப்ருவா?"

"இல்ல, ஸ்பானிஷ் மாதிரி. நாங்க ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ஸ்பெயின்ல இருந்து துரத்தப்பட்டு, துருக்கியில குடியேறி, அங்கிருந்து வந்த யூதர்கள்."

இரண்டு வரி வாசித்தும் காட்டினார். பக்கத்தில் நின்ற மெக்சிகோ பெண், ஸ்பானிஷ் தெரிந்தவள், புரிந்து சிரித்துவிட்டாள். எனக்குத் தலை சுற்றியது.

அந்த நேரம் பார்த்து மனைவி ஃபோன் பண்ணினாள். குழந்தையை டேகேரிலிருந்து யார் பிக்கப் பண்ணுவது என்று வழக்கமான சண்டை. தமிழ்தானே, யாருக்குப் புரியப்போகிறது என்று கத்தினேன். நான் ஃபோனை வைத்ததும் அவர் ஒரு வரி எழுதி, தாளைக் கிழித்து என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப்போனார். அவர் வாசித்துக் காட்டியிருந்தால் அர்த்தம் சொல்லியிருக்கக்கூடிய அந்தப் பெண்ணும் அதற்கு முன்பே இறங்கியிருந்தாள்.

ஆபீசில் இருக்கும் இஸ்ரேல்காரரிடம் காட்டினேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க எழுத்துதான்னு சொல்றீங்க, எனக்கு ஒண்ணும் படிக்க வரலையே," என்றார்.

அதன்பிறகு அந்தப் பெரியவரை நான் பார்க்கவேயில்லை. தாள் பர்ஸில் இருக்கிறது. ரயிலில் மனைவியின் ஃபோன் வந்தால் இப்போதெல்லாம் மெதுவாகத்தான் பேசுகிறேன். அவர் எழுதியது நான் அன்று கத்தியதைப் பற்றித்தானா என்று மட்டும் தெரியவில்லை.