ஓரத்தில் நின்றவர்

போன மாசம் ஒரு வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே விவாதம். புது கேமரா வாங்குவதா, பழைய கேமராவுக்கு நல்ல லென்ஸ் வாங்குவதா?

என் ஸ்டூடியோவுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். மூன்று கால் ஸ்டாண்டில் நிற்கும் மரப்பெட்டி கேமராதான் என் சொத்து. மெட்ராஸ் வியாபாரி ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். பளபளப்பான ஜெர்மன் கேமரா ஒன்று வந்திருக்கிறதாம் — ஷட்டர் பிரமாதம், லென்ஸ் மட்டும் சுமார். அது வேண்டாமென்றால், என் மரப்பெட்டியிலேயே மாட்டிக்கொள்ள அருமையான லென்ஸ் ஒன்று தனியாக இருக்கிறதாம்.

இரண்டும் வாங்க எனக்கு வசதி ஏது?

என்னோடு வேலை பார்க்கும் மச்சினன் பால்ராஜ் புது கேமரா பக்கம். சிவகாசிக் கல்யாணங்களில் நம் பெட்டியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது அவன் வாதம். லென்ஸை யார் பார்க்கிறார்கள் என்றும் கேட்டான். நியாயம்தானே? சரி, புது கேமராவே வாங்குவோம் என்று பதில் கடிதமும் எழுதிவிட்டேன். தபாலில் போடுவதுதான் பாக்கி.

மறுநாள் காலை ஆமத்தூரிலிருந்து ஒரு பெண் வந்தார். பேச்சியம்மாள் என்று பெயர். இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. கையில் நான் எடுத்த குரூப் போட்டோ.

மூன்று வருஷம் முன்பு அவருடைய மாமனாரின் அறுபதாம் கல்யாணத்தில் எடுத்தது. பேச்சியம்மாளின் கணவர் அந்த வீட்டின் கடைசி மகன். பந்தி முழுக்கப் பரிமாறிவிட்டு, தோளில் துண்டோடு கடைசியாக ஓடிவந்து வரிசையின் ஓரத்தில் நின்றவர். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. போன ஐப்பசியில் காய்ச்சலில் போய்விட்டாராம். வேறு படமே கிடையாதாம்.

"அண்ணாச்சி, இவுக மொகத்தை மட்டும் பெருசாப் போட்டுத் தாங்க. பிள்ளைக்கு அப்பன் மொகம் தெரியணும்ல" என்றார்.

சாயந்தரம் வரச் சொல்லிவிட்டு, அந்த நெகட்டிவைத் தேடி எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் போனேன். பெரிதாக்கினேன். நடுவில் உட்கார்ந்திருந்த மாமனாரின் மீசையில் ஒவ்வொரு முடியும் தெரிந்தது. ஓரத்தில்...? கண் இருந்த இடத்தில் இரண்டு கறை. தண்ணீருக்கு அடியில் நிற்பவர் போல இருந்தார்.

படம் எடுத்த அன்றைக்கு வெளிச்சம் இறங்கிவிட்டது. லென்ஸை முழுசாகத் திறந்துதான் எடுத்தேன். அப்படித் திறந்தால் என் லென்ஸ் நடுவை மட்டும்தான் ஒழுங்காகப் பார்க்கும். எனக்கு இது தெரியாதா? தெரியும். ஓரத்தை யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள் என்று இத்தனை வருஷம் இருந்துவிட்டேன்.

நாலைந்து தாளை வீணாக்கினேன். முகத்தைப் பெரிதாக்க ஆக்க அது கரைந்தது. கடைசியில் எதிர்ப்பக்கமாகப் போனேன். சின்னதாக்கினேன்... இன்னும் சின்னதாக. தபால் தலை அளவுக்கு வந்தபோது முகம் கூடிவந்தது.

சாயந்தரம் அதைக் கொடுக்கவே கூச்சமாக இருந்தது. என் லென்ஸ் மட்டம், தப்பு என்னுடையது என்று ஒளிக்காமல் சொன்னேன். சுவரில் மாட்ட முடியாது என்றும் சொன்னேன்.

பேச்சியம்மாள் படத்தை உள்ளங்கையில் வைத்து, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவுகதான்" என்றார். பிறகு குழந்தையிடம் காட்டினார். "இம்புட்டுப் போதும் அண்ணாச்சி. நான் சொல்லிக் குடுத்துக்கிடுதேன்."

அவர் போனதும், மெட்ராஸுக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்தேன். லென்ஸ் அனுப்பச் சொல்லி வேறு கடிதம் எழுதினேன். கழுவித் தொங்கவிட்டிருந்த பெரிய பிரிண்டை பால்ராஜ் பார்த்துக்கொண்டு நின்றான். புதுக் கடிதத்தை அவனே கொண்டுபோய்த் தபாலில் போட்டான்.

புது கேமரா கெட்டது என்று சொல்லவில்லை. ஓடுகிற பிள்ளைகளைப் படம் பிடிக்க அது வேண்டும்தான். ஆனால் பெட்டியில் கோளாறு என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும். லென்ஸில் கோளாறு என்றால்... மூன்று வருஷம் கழித்து ஒருத்தர் வந்து நிற்கும்போதுதான் தெரிகிறது.

லென்ஸ் வந்து சேர்ந்துவிட்டது. இப்போதெல்லாம் குரூப் போட்டோவில் முதலில் இரண்டு ஓரங்களையும்தான் பார்க்கிறேன் — நடுவில் இருப்பவரைப் பார்க்க ஊரே இருக்கிறது!